புள்ளி சார் போட்ட பள்ளம்

கல்வி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில், நாட்டின் கல்வி முன்னேற்றம் பசை தடவிச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. கட்டம் போட்ட வரைதாள்கள். ஆண்டுக்கு ஒரு சாண் அகலம், பத்தாயிரம் பிள்ளைகளுக்கு ஒரு சாண் உயரம். அறுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், ஜன்னலுக்குக் கீழே முழங்கால் உயரத்தில் தொடங்கிய கோடு, மெல்ல ஏறி, மூலையில் திரும்பி, அடுத்த சுவரில் நெஞ்சுயரம் வந்து, மூன்றாவது சுவரில் ஆளை மீறிப் போய்விட்டது. தலைப்பு: "இடைநிலைப் பொதுக்கல்வி மாணவர் சேர்க்கை."

அந்தக் கோட்டைப் பார்த்தபடியே நடந்தால் ஊரின் கதை முழுக்கத் தெரியும். ஜன்னலடியில் இருந்த காலத்தில் எட்டாவதைத் தாண்டியவர் தெருவுக்கு ஒருவர்கூட இல்லை; அவர் பெயரை மட்டும் எழுதினாலே கடிதம் வந்து சேர்ந்துவிடும். பேருந்து வந்ததும் கோடு நிமிர்ந்தது. மூலை திரும்பியதும் பெண் பிள்ளைகள் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். கோடு மூச்சு வாங்காமல் ஏறியது. கடைசி ஆறேழு ஆண்டுகளாகச் சற்றே தலைகுனிகிறது. அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பிறந்தால்தானே சேர்வதற்கு.

இந்தக் கோட்டுக்குக் காவலர், புள்ளிவிவரப் பிரிவின் முதுநிலை எழுத்தர். ஊரில் பெரிய புள்ளிகள் பலர் உண்டு. இவர் வெறும் புள்ளி. அலுவலகம் முழுவதும் "புள்ளி சார்" என்றே கூப்பிட்டது. ஆண்டுக்கு ஒரு புள்ளி வைப்பது அவர் வேலை. மீதி முந்நூற்று அறுபத்துநான்கு நாளும் அந்தப் புள்ளிக்கான ஏற்பாடு: படிவம் அனுப்புவது, வராத படிவத்துக்கு நினைவூட்டு அனுப்புவது, நினைவூட்டுக்கும் அசையாத தலைமையாசிரியர்களைத் தொலைபேசியில் கெஞ்சுவது. முன்பெல்லாம் புள்ளி வைக்க ஸ்டூலில் ஏற வேண்டியிருந்தது. கோடு இறங்கிவர, இப்போது நுனிக்காலில் நின்றாலே கை எட்டியது. ஓய்வு பெறும் வயதில் அரசாங்கம் தனக்குச் செய்த ஒரே வசதி இது என்று அவர் சொல்லிக்கொள்வார்.

எல்லாம் சரி. இரண்டாவது சுவரில்தான் சங்கடம். சுவிட்ச் போர்டுக்கு நேர் கீழே, முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முந்தைய புள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குத் தொப்பென்று விழுந்து கிடந்தது. அடுத்த ஆண்டே எதுவும் நடக்காததுபோல எழுந்துகொண்டது. அதைப் பார்க்கத்தான் பலரும் வருவார்கள்.

"இது பொருளாதார மந்தம்தானே சார்?" என்று கேட்பார், தோளில் பையோடு வந்த ஓர் ஆய்வாளர்.

"இருக்கும் சார்" என்பார் புள்ளி சார்.

"அந்த வருஷம் இங்க மூணு சினிமாக் கொட்டகை புதுசா திறந்திருக்காங்க. பசங்க எல்லாம் அங்கதான் போயிருக்கணும்" என்பார் ஓர் அம்மாள்.

"இருக்கும்மா."

ஒருமுறை மின்விசிறி பழுது பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன், ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு, "சுவிட்ச் போர்டு இடிக்குதுன்னு கோட்டை வளைச்சுப் போட்டுட்டீங்களா சார்?" என்று கேட்டான். இத்தனை ஆண்டுகளில் உண்மைக்கு மிக அருகில் வந்தவன் அவன் ஒருவன்தான்.

உண்மை இதுதான். புள்ளி சார் வேலையில் சேர்ந்து மூன்றே மாதம். அப்போதைய தலைமை எழுத்தர் அழகுணர்ச்சி மிக்கவர். படிவத்தை, நகலெடுக்கும் ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்து தம்பி நீட்டியபோது, "இடைநிலைப் பொதுக்கல்வி பயிலும் மாணவர் எண்ணிக்கை" என்ற தலைப்பில் கடைசிச் சொல் மட்டும் அடுத்த வரிக்கு நழுவியிருந்தது.

"பாரு தம்பி, ஒத்தை வார்த்தை கீழ விழுந்து அநாதையா கிடக்குது. பாக்கவே கண்ணு உறுத்துது. ஒரே வரியில கொண்டா" என்றார் தலைமை எழுத்தர்.

தம்பி கொண்டுவந்தார். "பொதுப் பள்ளி மாணவர் எண்ணிக்கை." வரியின் நடுவே கச்சிதமாக, இரண்டு பக்கமும் சமமாக இடம் விட்டு உட்கார்ந்தது. "உனக்குக் கை நல்லா வருது" என்றார் தலைமை எழுத்தர். பணியில் அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அதற்குப் பிறகு கிடைத்ததாகத் தகவல் இல்லை.

பொதுக்கல்வி என்றால் தச்சு, தையல், தட்டச்சு என்று போகாமல் எல்லாப் பாடமும் படிப்பது. பொதுப் பள்ளி என்றால்? படிவம் போய்ச் சேர்ந்த நாற்பத்துமூன்று பெண்கள் பள்ளிகளிலும் தலைமையாசிரியைகள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இதையே யோசித்தார்கள். பொது என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. நம் பள்ளி மகளிருக்கு மட்டும். போதாததற்கு "மாணவர்" என்று வேறு கேட்கிறார்கள். நம்மிடம் இருப்பது மாணவியர். ஆக, நமக்கு இல்லை. கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு, முத்திரை குத்தி, உரிய நாளுக்குள் அனுப்பிவைத்தார்கள். ஒழுங்கானவர்கள்.

ஆண்கள் பள்ளிகளுக்கு இந்தச் சந்தேகம் எழவே இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆண்கள் மட்டும் இருக்கும் இடம் பொது இடம் என்பதில் அவர்களுக்கு என்றைக்குமே குழப்பம் இருந்ததில்லை. எல்லாரும் எண்ணிக்கையை நிரப்பி அனுப்பினார்கள்.

கட்டத்தில் கோடு இருந்தால் சுழியம் என்று கொள்க என்பது விதி. தம்பி கொண்டார். கூட்டினார். புள்ளி ஒரு சாண் இறங்கியது.

"இறங்கியிருக்கே?" என்றார் தலைமை எழுத்தர்.

"ஆமா சார்."

"ஏன்?"

"எண்ணு அப்படித்தான் வந்திருக்கு சார்."

"அப்போ சரி."

மறு ஆண்டு புது ஸ்டென்சில் கிழிந்துபோக, பழைய தலைப்போடு பழைய படிவமே போனது. புள்ளி துள்ளி எழுந்தது. எப்படி எழுந்தது என்று ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி யோசித்த தம்பிக்குச் சட்டென்று உறைத்தது. கை கழுவாமலே தலைமை எழுத்தரிடம் ஓடினார்.

அவர் முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஆண்டறிக்கை அச்சாயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார்."

"அப்போ அதுதான் நடந்தது. வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு."

தம்பி சும்மா இருந்தார். தம்பி அண்ணனாகி, அண்ணன் சாராகி, சாருக்கு ஓய்வு பெற மூன்று வாரம் இருக்கும்வரை சும்மாவே இருந்தார்.

அப்போதுதான் இயக்குநர் அந்தப் பள்ளத்தைக் கையில் எடுத்தார்.

இயக்குநர் சாதாரண ஆள் அல்ல, முனைவர். முனைவர் பட்டமே அந்தப் பள்ளத்தால் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அந்த ஆண்டு ஊரில் குழாய்கள் வறண்டன, பெண் பிள்ளைகள் குடத்தோடு தெருவுக்குப் போனார்கள், படிப்பு போனது என்பது சாரம். குழாய் வறண்டது உண்மை. குடம் தூக்கியதும் உண்மை. தூக்கிவைத்துவிட்டுப் பள்ளிக்கும் போனார்கள் என்பது மட்டும் ஆய்வுக்குள் வரவில்லை. ஆய்வின் முடிவுரையில் அவர் ஒரு படி மேலே போய், இந்தப் பள்ளம் முப்பத்தாறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் சுழற்சி என்று நிறுவியிருந்தார். ஒரே ஒரு பள்ளத்தை வைத்துக்கொண்டு சுழற்சியைக் கண்டுபிடிப்பது எல்லாராலும் ஆகிற காரியமல்ல.

கணக்குப்படி அடுத்த பள்ளத்துக்கு இன்னும் இரண்டே ஆண்டு. எனவே ஒன்பது பெண்கள் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு முதல் பெரிய வகுப்புகளை இப்போதே எடுத்துவிட்டு, பிள்ளைகளை வேறு பள்ளிகளோடு இணைத்துவிடலாம் என்று இயக்குநர் பரிந்துரை எழுதினார். பிள்ளைகள் பள்ளியை விட்டு விலகுவதற்கு முன்பே பள்ளியைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கிவிட்டால், விலகல் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. வியாழக்கிழமை குழு கூடி முடிவெடுக்கும் என்று சுற்றறிக்கை வந்தது. அதைத் தட்டச்சு செய்தவரும் புள்ளி சார்தான். ஒன்பது பெயர்களில் நான்காவது பெயரை அடிக்கும்போது அவர் விரல் எழுத்து மாறி விழுந்தது.

அந்தப் பள்ளியில்தான் அவர் மனைவி நூலகர். அங்கேயே படித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர்.

அன்று மாலை வீட்டில், சாப்பாட்டு மேசை முழுக்கப் பள்ளிப் புத்தகங்களைப் பரப்பி, பழுப்புத்தாள் அட்டை போட்டுக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். கத்தரிக்கோல் போன வேகத்திலேயே அவர் மனநிலை தெரிந்தது.

"என்னங்க, எங்க ஸ்கூல்ல பெரிய கிளாஸ் எல்லாம் எடுக்கப் போறாங்களாமே?"

"பேசிக்கிறாங்க."

"பேசிக்கிறாங்களா? நீங்க அந்த ஆபீஸ்லதானே இருக்கீங்க, இல்ல பக்கத்துக் கடையில டீ ஆத்துறீங்களா? ஏதோ சுவத்துல பள்ளம் இருக்காம். அதுக்காக எங்க பிள்ளைங்க ரெண்டு பஸ் மாறிப் போகணுமாம். பாதி வீட்ல எட்டாவதோட போதும்னு நிறுத்திடுவாங்க. அப்போ நிஜமாவே பள்ளம் விழும். உங்க டாக்டர் சொன்னது பலிச்சுதுன்னு அவருக்கு இன்னொரு பட்டம் குடுப்பாங்க."

புள்ளி சார் ஒட்டும் டேப்பின் நுனியைத் தேடுவதில் மும்முரமாக இருந்தார்.

"எந்த வருஷமாம் அந்தப் பள்ளம்?"

அவர் வருஷத்தைச் சொன்னார். கத்தரிக்கோல் நின்றது.

"நான் பதினொண்ணாவது படிச்ச வருஷங்க அது! உக்கார இடமில்லாம நானும் இன்னும் ரெண்டு பேரும் ஜன்னல் மேடையில உக்காந்து எழுதினோம். பின்னாடி கண்ணாடி உடைஞ்சு ஆறு மாசம் முதுகுல காத்து அடிச்சுது. பள்ளமாமே பள்ளம்! எந்தக் கிறுக்கன் எண்ணினான்?"

டேப்பின் நுனி கிடைத்துவிட்டது. இனி ஒளிய இடமில்லை.

"நான்தான்" என்றார் புள்ளி சார்.

தலைப்பு, ஒரு வரி, அநாதை வார்த்தை, தலைமையாசிரியைகள் போட்ட சின்னக் கோடு என்று எல்லாவற்றையும் சொன்னார். முப்பத்துநான்கு ஆண்டுகள் வயிற்றில் கிடந்தது நான்கு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டதில் அவருக்கே சற்று ஏமாற்றம்.

"அப்போ அந்த வருஷம் நான் படிக்கலையா?"

"படிச்சே. எண்ணல."

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாணத்துக்கு முன்னாடியே என்னைக் கணக்குல எடுத்துக்காத ஆளு நீங்க. நான்தான் லேட்டா புரிஞ்சுக்கிட்டேன்."

"எழுந்து சொன்னா, கடைசி மாசத்துல மெமோ குடுப்பாங்க. வழியனுப்பு விழாவுல என்னன்னு பேசுவாங்க? தப்பு பண்ணினாரு, போயிட்டாருன்னா?"

"அச்சானது நடந்ததுன்னு சொன்ன உங்க பெரியவரு இப்போ இல்ல. நடந்தது நான். இதோ உக்காந்திருக்கேன். நீங்க சொல்றீங்களா, இல்ல வியாழக்கிழமை நான் வந்து சொல்லட்டுமா?"

அவர் வந்து சொன்னால் எப்படிச் சொல்வார் என்பதை ஒரு கணம் மனக்கண்ணில் பார்த்த புள்ளி சார், தானே சொல்லிவிடுவது அலுவலகத்துக்கு நல்லது என்ற முடிவுக்கு வந்தார்.

சொல்வதற்கு ஆதாரம் வேண்டும். பத்து ஆண்டான படிவங்களை அழித்துவிட வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த ஆண்டின் பெண்கள் பள்ளிப் படிவக் கட்டு அழியவில்லை. புள்ளிவிவரப் பிரிவின் இரும்பு பீரோவுக்கு ஒரு கால் குட்டை. பல ஆண்டுகளாக அந்தக் கட்டுதான் அதற்குக் கால். ஆவணமாக அதை யாரும் மதிக்கவில்லை; காலாக இருந்ததால் தப்பித்தது. அது அங்கே இருப்பது புள்ளி சாருக்கு நன்றாகவே தெரியும். அதை அங்கே செருகியதே அவர்தான்.

புதன்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும், தோளைக் கொடுத்து பீரோவைத் தூக்கி, கட்டை உருவினார். பீரோ சாய்ந்து, கதவு திறந்து, நாற்பது ஆண்டுக் கோப்புகள் அவரை எட்டிப்பார்த்தன. உடனே எதையாவது செருகியாக வேண்டும். ஒரு கையால் பீரோவைத் தாங்கிக்கொண்டு மறு கையால் துழாவியபோது அகப்பட்டது, இயக்குநர் பிரிவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்த ஆய்வேட்டுப் பிரதி. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், கெட்டி அட்டை. கொஞ்சம்கூட ஆட்டமில்லாமல் பொருந்தியது.

கட்டைப் பிரித்தார். கட்டத்தில் கோடு, கட்டத்தில் கோடு. ஆனால் படிவத்தின் கடைசியில் "குறிப்பு" என்று ஓர் இடம் இருந்தது. அந்த அலுவலகத்தில் குறிப்பு என்ற இடத்தை யாரும் படித்ததாக வரலாறு இல்லை. இப்போது படித்தார். "மாணவியர் மட்டும் 263." "பொது அன்று, மகளிர் 198." நாற்பத்தொரு பள்ளிகள் எண்ணிக்கையைக் குறிப்பில் எழுதியிருந்தன. மீதி இரண்டு பள்ளிகள் கோபத்தை மட்டும் எழுதியிருந்தன. மனைவியின் பள்ளித் தலைமையாசிரியை இரண்டையும் எழுதியிருந்தார்: "எமது பள்ளி பொது அன்று. பையன்கள் எவரும் சேர்க்கப்படவில்லை, இனியும் சேர்க்கப்பட மாட்டார்கள் என உறுதியளிக்கிறேன். மாணவியர் 312." கூட்டினார். இரண்டாம் முறையும் கூட்டினார். பதினோராயிரத்து இருநூற்று எண்பத்தாறு.

வியாழக்கிழமை குழு அந்த அறைக்கே வந்தது. சுவரை எடுத்துக்கொண்டு கூட்ட அரங்குக்குப் போக முடியாதல்லவா. மூன்று பேர். குழுத் தலைவி ஒரு காலத்தில் கணக்கு டீச்சர். இன்னமும் எதைப் பார்த்தாலும் சிவப்பு மையைத் தேடுபவர்போலவே பார்ப்பார். புள்ளி சார் கையில் ஒரு நீளக் குச்சி. இயக்குநர் பேசப் பேச, சொல்லும் ஆண்டைத் தொட்டுக் காட்டுவது அவருக்கு இட்ட பணி.

"சுழற்சின்னு சொல்றீங்க. ஒரு பள்ளம் இங்க இருக்கு. இன்னொரு பள்ளம் எங்க?" என்றார் தலைவி.

"அது இனிமேதான் வரப்போகுது மேடம்" என்றார் இயக்குநர். "என்னோட ஆய்வுல விளக்கமா இருக்கு. புள்ளி, இந்த செக்‌ஷனுக்கு ஒரு காப்பி குடுத்திருந்தேனே, இருக்கா?"

புள்ளி சாரின் கண் பீரோவின் அடிப்பக்கம் போய்த் திரும்பியது. "இருக்கு சார். பயன்பாட்டுல இருக்கு."

இயக்குநர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா மேடம், தினமும் எடுத்துப் பாக்குறாங்க."

குச்சி பள்ளத்தைத் தொட்டு நின்றது. அதற்கு மேல் நகரவில்லை.

"அடுத்ததுக்குப் போங்க" என்றார் இயக்குநர்.

"மன்னிக்கணும் சார். இது பள்ளம் இல்ல. இது என்னோட தலைப்பு."

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. கட்டை மேசையில் வைத்தார். தலைவி ஒவ்வொன்றாகப் புரட்டினார். "பையன்கள் எவரும் சேர்க்கப்படவில்லை" என்ற இடத்தில் அவர் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது.

"தலைப்பை யார் மாத்தினது?"

"நான்தான் மேடம்."

"எதுக்கு?"

"ஒரே வரியில அடங்கணும்னு."

இயக்குநர் சுவரைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். "அப்போ தண்ணிப் பஞ்சம்?" என்றார், கொஞ்சம் குழந்தைக் குரலில்.

"பஞ்சம் இருந்துச்சு சார். பிள்ளைங்களும் இருந்தாங்க."

தலைவி பேனாவின் மூடியைத் திறந்தார். பரிந்துரைத் தாளில் ஒன்பது பெயர்களின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். கூட்டம் அவ்வளவுதான். மேலும் முப்பது நிமிடம் பேசினார்கள். அது தேநீர் வரத் தாமதமானதால்.

பள்ளி தப்பித்தது. புள்ளி சார் தப்பிக்கவில்லை. சனிக்கிழமை மெமோ வந்தது. முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பிழைக்கு ஏழு நாளுக்குள் விளக்கம் தருக. வழக்கமாக இப்படிப்பட்ட மெமோக்களைத் தட்டச்சு செய்பவர் அவரே என்பதால் இதையும் அவரே அடித்து, கையெழுத்து வாங்கி, தனக்கே கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பமிட்டார். வழியனுப்பு விழா ரத்தாகவில்லை. பேச வந்த நான்கு பேரும் அவருடைய நேரந்தவறாமையை மட்டும் புகழ்ந்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

ஆண்டறிக்கையைத் திருத்த விதி இல்லை என்றும், அடுத்த பதிப்பில் அடிக்குறிப்பு சேர்க்கலாம் என்றும் மேலிடம் சொன்னது. அடிக்குறிப்பு ஒரே வரியில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. புள்ளி சார் அதை வாய்விட்டு இரண்டு முறை படித்தார். பிறகு இரண்டு வரியில் எழுதி அனுப்பினார். கடைசிச் சொல் மட்டும் கீழே விழுந்து தனியாக நின்றது. அவர் அதை எடுத்து மேலே வைக்கவில்லை.

இயக்குநரும் சளைத்தவர் அல்ல. பட்டத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. "பொது" என்ற சொல்லால் கல்விப் புள்ளிவிவரங்களில் நேரும் குழப்பங்கள் குறித்து அவர் இரண்டாவது ஆய்வைத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி. நன்றியுரையில் ஓர் எழுத்தரின் பெயர் வரக்கூடும் என்கிறார்கள். வராமலும் போகலாம்.

கடைசி நாள் மாலை, சாமான்களைப் பையில் போடுவதற்குத் துணையாக மனைவி வந்திருந்தார். அந்த அறைக்கு அவர் வருவது அதுவே முதல் தடவை. ஜன்னலடியில் குனிந்து தொடங்கி, கோட்டோடு கோடாக நடந்து, மூலை திரும்பி, சுவிட்ச் போர்டுக்கு முன் வந்து நின்றார்.

"இதுதானா?"

"இதுதான்." புள்ளி சார் சட்டைப் பையிலிருந்து சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்தார். பள்ளத்துக்கு மேலே அடிக்கோலை வைத்து அளந்தார். சரியான உயரம், சரியான ஆண்டு. அந்த இடம் நேராக சுவிட்ச் போர்டின் மேல் போய் விழுந்தது. மூன்றாவது சுவிட்சுக்கும் நான்காவதுக்கும் நடுவில். தாள் இல்லை, பிளாஸ்டிக்தான். பரவாயில்லை என்று அங்கேயே ஒரு புள்ளி வைத்து, காயும்வரை ஊதினார்.

அந்த அம்மாள் கிட்டே போய்ப் பார்த்தார். "நானும் இதுலதானே இருக்கேன்?"

"பதினோராயிரத்து இருநூத்தி எண்பத்தாறுல ஒண்ணு."

"அத்தனை பேரையும் கொண்டுபோய் ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்துலயா வச்சீங்க?"

"ஆறு மாசம் முதுகுல காத்து வாங்கிப் பழகினவங்கதானே" என்றார் புள்ளி சார். பையைத் தூக்கிக்கொண்டு, விளக்கை அணைத்து, அந்தப் புள்ளியில் விரல் படாமல் மின்விசிறியையும் நிறுத்தினார்.